படுத்தவன் பங்கு

கம்பவுண்டர் சதக்கத்துல்லா மாத்திரைப் புட்டியை உடனே கொடுத்துவிடவில்லை. கையை நீட்டியபடி நின்ற லீமாரோஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புட்டியைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

"முதல்ல நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு, தங்கச்சி."

"காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு, படுக்கப் போகையில ஒண்ணு."

"எத்தனை நாளைக்கு?"

"பன்னெண்டு நாளைக்கு."

"மூணாம் நாளே காய்ச்சல் விட்டுட்டா?"

லீமாரோஸ் கொஞ்சம் யோசித்தாள். "நிறுத்திரலாமாண்ணே?"

"இதுக்குத்தான் கேட்டேன்!" சதக்கத்துல்லா மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "காய்ச்சல் விடும். ஆளு எந்திரிச்சு உட்கார்ந்து மீன்குழம்பு கேப்பாரு. அன்னிக்குத்தான் நீ ஏமாறக் கூடாது. நோய் சாகலை, குடலுக்குள்ள பதுங்கிக் கெடக்கும். இந்த நாப்பத்தெட்டும் உள்ள போனாத்தான் அது சாகும். ஒண்ணு மிச்சம் வச்சேன்னு தெரிஞ்சுது, அடுத்த தடவை இந்த வாசப்படியை மிதிக்காதே, ஆமா. மதுரைக்கு ஆளனுப்பி வாங்குன மருந்து."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கட்டிலில் சாய்ந்திருந்த சூசைமுத்துவும் வறண்ட உதட்டோடு சிரித்தான். லீமாரோஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு நாளாகப் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். வாசப்படியை மிதிக்காதே என்றால் மிதிக்கக் கூடாது என்றுதான் அவள் மனசு எழுதிக்கொண்டது.

ராமநாதபுரத்தில் கடைத்தெருவை ஒட்டி, பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. டைபாய்டுக்கு, உள்ளே பொடி அடைத்த இந்தக் கூடு மாத்திரை வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் இந்தக் காய்ச்சலில் படுத்தவன் இருபத்தொரு நாள் கிடப்பான். எழுந்தால் மாதா புண்ணியம், எழாவிட்டால் சாமியார் வந்து, சாகக் கிடப்பவனுக்கான அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போவார். அவர்கள் ஊரான தங்கச்சிமடத்துக் கரையில் அப்படிப் போனவர்கள் வீட்டுக்கு ஒருவராவது உண்டு.

கட்டிலுக்கு வேறு நோயாளி காத்திருந்ததால், மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர். ரயிலேறிப் பாலம் தாண்டி வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டில் கடிகாரம் கிடையாது. லீமாரோஸுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. கோயிலில் திருந்தாதி மணி மூன்று வேளை அடிக்கிறதே! விடியலில் அடித்தால் ஒன்று, உச்சியில் அடித்தால் ஒன்று, பொழுது சாய அடித்தால் ஒன்று. நாலாவதுக்கு மணி இல்லை; செபமாலை சொல்லி முடித்துச் சிலுவை போட்ட கையோடு புட்டியைத் திறப்பாள்.

"காரப்பொடி மீனு கணக்கா மினுமினுங்குது பாரு," என்று மாத்திரையை விரலில் பிடித்துப் பார்ப்பான் சூசைமுத்து. "கல்யாணத்தன்னிக்குக்கூட நீ எனக்கு இப்படிக் கையில எடுத்து ஊட்டலையே, ரோசு."

"அன்னிக்கு ஊட்டியிருந்தா கையைக் கடிச்சிருப்பீங்க. முழுங்குங்க."

கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. அதனால் ஒருவருக்கொருவர் பிள்ளையாகவும் அவர்களே இருந்துகொண்டார்கள்.

கம்பவுண்டர் சொன்னபடியே நடந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் சுத்தமாக விட்டது. சூசைமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "கஞ்சி போதும்டி, சூடைமீன் குழம்பு வையி," என்றான். லீமாரோஸுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. "குழம்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கம்பவுண்டர் அண்ணன் சொல்லியிருக்காரு," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கஞ்சியைக் கரைத்தாள்.

மறுநாள் விடியல் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஜெபமாலை வந்தாள். லீமாரோஸின் தம்பி பெஞ்சமினின் பெண்டாட்டி. நிறைமாதம். தாயில்லாத பெண், தலைப்பிரசவத்துக்குப் போக அம்மா வீடு இல்லை. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"மதினி, உங்க தம்பிக்கு உடம்பு கொதிக்குது. நேத்தே காய்ஞ்சிச்சு, சொல்லாம கடலுக்குப் போயிட்டாக. இன்னிக்கு எந்திரிக்க முடியலை."

லீமாரோஸ் ஓடிப் போய்ப் பார்த்தாள். பெஞ்சமின் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். நெற்றியில் கை வைத்தால் அடுப்புச் சட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"ஏலே, காலை ரயிலுக்குக் கிளம்பு. ராமநாதபுரம் போவோம்."

"நான் வரலைக்கா." அவன் கண்ணைத் திறக்கவில்லை. "இவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோ. இவளைத் தனியா விட்டுட்டு நான் அங்கன போயிப் படுத்துக்கிறதா? ரெண்டு நாள்ல தானா போயிரும்."

அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். சூசைமுத்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தப் புட்டியை எடு," என்றான்.

"எதுக்கு?"

"எத்தனை கெடக்குது பாரு."

முப்பத்தாறு இருந்தன.

"பதினெட்டைப் பிரிச்சு அவனுக்குக் குடு."

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வத்தைத் தோணி கரை சேர்ந்ததும் கிடைத்த மீன்பாட்டைப் பங்கு போடுவார்கள். வத்தைக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. நோயில் படுத்துக் கடலுக்கு வர முடியாதவனுக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். அதற்குப் படுத்தவன் பங்கு என்று பெயர். அதைக் கொடுக்காதவன் வலையில் மறுநாள் பாசிதான் ஏறும் என்பார்கள். சூசைமுத்துவும் பெஞ்சமினும் ஒரே வத்தைக்காரர்கள். சூசைமுத்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு நாளும் பெஞ்சமின் கூலியாளோடு கடலுக்குப் போய்விட்டு வந்து, ஒரு நாள்கூடத் தவறாமல் படுத்தவன் பங்கை எடுத்துவைத்திருந்தான்.

"கம்பவுண்டர் அண்ணன் நாப்பத்தெட்டையும் முழுங்கணும்னாரு," என்றாள் லீமாரோஸ்.

"எனக்குத்தான் விட்டுருச்சுல்ல? அவனுக்கும் அதே காய்ச்சல்தான். ரெண்டு பேரும் ஒரே ஊத்துத் தண்ணியைத்தான குடிச்சோம். அங்கன போனாலும் இதே மாத்திரையத்தான் குடுப்பான். உன் தம்பி எனக்கு ஆறு நாள் பங்கு வச்சான். நான் புட்டியை மடியில கட்டிக்கிட்டுப் படுத்திருக்கணுமா?"

"அதுக்கில்லைங்க…"

"மிச்சம்னு சொல்லிக் குடு. என் பங்குன்னு தெரிஞ்சா தொட மாட்டான்."

அவள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தரையில் விரித்தாள்.

பின்னால் எத்தனையோ நாள் அந்த இடத்துக்கே அவள் திரும்பி வந்து நின்றாள். ஒரு தடவைதான் மறுத்தோம். ஏன் ஒரே தடவை? வேறு யார் வீட்டுத் தம்பியாவது படுத்திருந்தால் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவில் நின்று சண்டை போட்டிருப்பாள். சொந்தத் தம்பி. போர்வைக்குள் சுருண்டு கிடந்த அந்த முகம். புருஷன் வாயிலிருந்து அந்த வார்த்தை வராதா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தது தானேதானோ என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.

மாத்திரைகளை அந்தத் துணியில் கொட்டி ஒன்று இவருக்கு, ஒன்று அவனுக்கு என்று பிரித்தாள். மீனைப் பங்கு போடுகிற மாதிரியே கை தானாக நடந்தது.

"மிச்சம்டா தம்பி," என்று பெஞ்சமினிடம் கொடுத்தாள். "மச்சானுக்கு முழுசாக் கொணமாயிருச்சு."

அடுத்த இரண்டு வாரம் அந்த இரண்டு வீட்டிலும் வெளிச்சமாக இருந்தது. பெஞ்சமினுக்குக் காய்ச்சல் மூன்றே நாளில் இறங்கியது. ஜெபமாலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. சூசைமுத்து தன் பதினெட்டையும் நாலரை நாளில் முடித்துவிட்டு, கம்பு ஊன்றிக் கரைக்கு நடந்து போனான். ஞானஸ்நானத்தன்று குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "ஏலே மாப்ளே, மூக்கு உன்னைய மாதிரி. பாவம், இதுக்கு எவன் மாப்பிள்ளை தேடுறது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சூடைமீன் குழம்பும் அன்று வைத்தாள் லீமாரோஸ்.

அவன் கடலுக்குப் போக ஆரம்பித்த நாலாம் நாள், சாப்பிட்ட கையைக் கழுவ அவள் தண்ணீர் மொண்டு ஊற்றியபோது அவன் விரல் அவள் மேல் பட்டது. சுட்டது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா லேசா இருக்கு. வெயில்."

வெயில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மறுநாள் ரயிலில் அவன் அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்தான். பாலத்தின் மேல் வண்டி மெதுவாகப் போனது. கீழே கடல் இரைந்தது.

"ரோசு, பங்கு போட்டதை அங்கன சொல்லிராதே."

"கேப்பாங்களே."

"முழுசாத் தின்னேன்னு சொல்லு. பேச்சு ஊருக்கு வரும். மச்சான் மருந்தைத் தின்னுட்டோமேன்னு பெஞ்சமின் ஒடிஞ்சு போயிருவான். பச்சைப்பிள்ளைக்காரன்."

அவளுக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. வாசப்படியை மிதிக்காதே.

சதக்கத்துல்லா அவர்களைக் கண்டதும் எழுந்து வந்தார். "என்ன தங்கச்சி, திரும்பியுமா?" என்று சூசைமுத்துவைக் கைத்தாங்கலாகக் கட்டிலில் படுக்கவைத்தார். டாக்டர் வந்து வயிற்றை அமுக்கினார், நாக்கைப் பார்த்தார்.

"மாத்திரை நாற்பத்தெட்டும் சாப்பிட்டாரா?"

சூசைமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சதக்கத்துல்லாவும் அவளைத்தான் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவளுக்கு வாசல் கதவுதான் கண்ணில் தெரிந்தது.

"தின்னாருங்க. ஒண்ணுகூட மிச்சமில்லை."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். முழுசாகச் சாப்பிட்டவனுக்கு இத்தனை சீக்கிரம் அதே நோயா? மலேரியாவாக இருக்கலாம் என்றார். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பச் சொன்னார். அதுவரைக்கும் கொய்னா கொடுத்தார்கள். கசப்பில் சூசைமுத்து முகம் கோணினான். "பழசே தேவலாம், ரோசு. அது காரப்பொடி, இது வேப்பங்காய்."

ஒரு நாள் போயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாம் நாள் அவன் பேச்சு குழறியது. வலை அறுந்துவிட்டது, பிடி, பிடி என்று காற்றைத் துழாவினான். மூன்றாம் நாள் காலையில் லீமாரோஸ் மருந்து அறைக்குப் போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, நான் பொய் சொல்லிட்டேன்."

சதக்கத்துல்லா கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பதுதான் அவர் தின்றார், பதினெட்டு தம்பிக்குப் போனது என்று சொன்னாள்.

"உன் தம்பிக்கு அதே காய்ச்சல்தான்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

அவள் விழித்தாள். எந்த டாக்டரும் சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை. சும்மா வருகிற காய்ச்சலாகக்கூட இருந்திருக்கலாம். அந்த நினைப்பே அந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்கு வரவில்லை.

"வந்தன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி! மூணு நாளு!"

"மிச்சம் வச்சா வாசப்படி மிதிக்காதேன்னீங்களேண்ணே. மருந்து தராம விரட்டிருவீங்கன்னு…"

அவர் முகம் செத்துவிட்டது. "யா அல்லா," என்றார். "அது ஒரு பேச்சும்மா. கேக்குறவங்க பயந்து ஒழுங்காத் தின்னட்டும்னு எல்லார்கிட்டயும் சொல்றது." அதற்குமேல் நிற்காமல் டாக்டரிடம் ஓடினார். அரை மணிக்குள் கூடு மாத்திரை வந்தது. இந்த முறை அவரே சூசைமுத்துவின் தலையைத் தூக்கி வாயில் போட்டார்.

இரண்டு வேளைதான் உள்ளே போயிற்று. சாயங்காலம் சூசைமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு அலறல் அலறினான். வயிறு பலகையாகிவிட்டது. குடல் பொத்துவிட்டது என்றார் டாக்டர். மதுரைக்குக் கொண்டுபோய் அறுத்தால் ஒருவேளை என்றவர், அவன் நாடியைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை. மறுநாள் மதுரை வண்டி வருவதற்கு முன்னால், வெயில் ஏறுகிற நேரத்தில், அவன் போய்ச் சேர்ந்தான். கடைசியாக அவன் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. ரோசு என்றுதான் இருக்கும் என்று அவளாக வைத்துக்கொண்டாள்.

சதக்கத்துல்லா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போகும்போது அவள் கேட்டாள்:

"வந்தன்னிக்கே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாரா, அண்ணே?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வரவில்லை.

*

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் பெஞ்சமின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே ஜெபமாலை. லீமாரோஸ் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் நெருப்பிருந்தது, மேலே சட்டி இல்லை.

"அக்கா, புள்ளைக்கு உடம்பு சுடுது. பால் குடிக்க மாட்டேங்குது."

அவள் குழந்தையை வாங்கினாள். மூக்கடைத்து, கொரகொரவென்று மூச்சு விட்டது.

பெஞ்சமின் இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தான். அவள் கொடுத்த அதே துணி. உள்ளே ஆறு மாத்திரைகள்.

"இதுல ஒண்ணைப் பிரிச்சு, பாதிப் பொடியைத் தேன்ல கொழைச்சு நாக்குல தடவலாமான்னு இவ கேக்குறா. உனக்குத்தான் பக்குவம் தெரியும்."

லீமாரோஸ் அந்தத் துணியையே பார்த்தாள். "இது எப்படிடா இருக்கு?"

"மூணு நாள்ல எனக்கு விட்டுருச்சுல்ல. பன்னெண்டோட நிறுத்திட்டேன். நல்ல மருந்து, வீணா எதுக்குத் திங்கணும், வீட்டுல யாருக்காச்சும் ஆகும்னு அரிசிப் பானையில போட்டு வச்சேன்."

பத்து வீடு தள்ளி. சூசைமுத்து காய்ச்சலோடு கடலுக்குப் போன நாட்களிலும், அவன் கொய்னாவைக் கசந்து கசந்து விழுங்கிய நாட்களிலும் இவை அரிசிப் பானைக்குள் பத்திரமாகக் கிடந்திருக்கின்றன. ஆறும் அவனைக் காப்பாற்றியிருக்காது. அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன?

குழந்தையை ஜெபமாலையிடம் கொடுத்தாள். மாத்திரைகளைத் துணியோடு வாங்கி அடுப்புக்குள் போட்டாள்.

"அக்கா! மருந்துக்கா அது!"

"மருந்துதான். இந்தப் புள்ளைக்கு எழுதுனது இல்லை. ஏலே, போயி செருப்பை மாட்டு. ரயிலுக்கு நேரமாச்சு."

"ஒரு சளிக்குப் போயி ராமநாதபுரத்துக்கா?"

"சளின்னு நீ சொல்லாதே. டாக்டர் சொல்லட்டும்."

அந்த ஆஸ்பத்திரி வாசலை அவள் மிதித்தபோது கால் கூசியது. சதக்கத்துல்லா அவளைப் பார்த்தார், பிறகு அவள் பின்னால் குழந்தையோடு நின்ற ஆளைப் பார்த்தார். யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா ஜாடை அப்படியே இருந்தது.

"புள்ளைக்கு வீட்டுல மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லைண்ணே," என்றாள் லீமாரோஸ். "தாய்ப்பாலைத் தவிர எதுவும் குடுக்கலை. இது நிசம்."

டாக்டர் குழந்தையின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். சாதாரணச் சளிதான், மாத்திரை எதுவும் வேண்டாம், மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பால் கொடு, மூச்சு வாங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வா என்று ஜெபமாலையிடம் சொன்னார். ஜெபமாலை அந்த இடத்திலேயே உட்கார்ந்து நிம்மதியில் அழுதாள்.

பெஞ்சமின் முகத்தில் அந்த நிம்மதி இல்லை. ரயிலில் வரும்போதே அவன் மனசுக்குள் எதையோ மென்றுகொண்டு வந்தான். இப்போது மருந்து அறை வாசலில் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா."

"என்னடா?"

"எனக்குக் குடுத்தது மிச்சம்தான? மச்சான் தான் பங்கை முழுசாத் தின்னாருல்ல?"

உள்ளே அலமாரிப் பக்கம் திரும்பி நின்ற சதக்கத்துல்லாவின் கை அப்படியே நின்றது.

லீமாரோஸ் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். போர்வைக்குள் கிடந்த அதே முகம். இன்றைக்கு ஒரு பெண் குழந்தைக்கு அப்பன். வத்தையை ஒற்றை ஆளாக இழுத்து இரண்டு வீட்டுக்கும் சோறு போடுகிறவன். இந்தப் பதிலைச் சுமந்துகொண்டு அவன் நாளைக்குக் கடலில் இறங்க வேண்டும்.

"தின்னாரு," என்றாள். "முழுசாத் தின்னாரு. உனக்குக் குடுத்தது மிச்சம்."

அவன் பெரிதாக மூச்சை விட்டான். ஜெபமாலையை எழுப்பிக் குழந்தையை வாங்கிக்கொண்டு, வெயில் தாழ நிழலாகக் கிடந்த தெருவில் இறங்கினான்.

சதக்கத்துல்லா திரும்பி அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். எந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு உயிர் நின்றிருக்குமோ அந்த இடத்தில் சொன்ன அதே பொய். இனி அவள் உள்ளவரைக்கும் அதை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேளை கிடையாது, முடிகிற நாளும் கிடையாது.

"வாரேண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.